இடது கால் காணாது என்றார் நவம் அண்ணை

நவம் அண்ணையின் நினைவாக அச்சடித்த இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருப்பதால் மட்டும் இதைப் புரட்டிக்கொண்டிருக்கும் அன்பர்களே! த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் சாட்சியாக ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இனி வரப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. என் மனைவியே நம்பவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை என்பது வேறு விஷயம்.

எழுதாமல் தப்பவும் வழியில்லை. "முப்பத்தொண்டாம் நாளுக்கு ஒரு கல்வெட்டு அடிக்கிறம். நீதானே அவரோட கனகாலம் திரிஞ்சனி. ரெண்டு பக்கம் எழுதித் தா" என்று நவம் அண்ணையின் மனைவி பூமணி அக்கா சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டார். நவம் அண்ணை உயிரோடு இருந்த காலத்தில் அவரிடமும் எனக்கு 'இல்லை' சொல்ல வாய்த்ததில்லை. அந்தக் குடும்பத்தின் வழக்கமே அதுதான்.

அவர் இறந்த செய்தி வந்தபோது நான் மெல்பனின் டண்டினொங் பகுதியில் கார் கழுவும் கூண்டு ஒன்றுக்குள் அகப்பட்டிருந்தேன். 'கியரை விடு, பிரேக்கில் கால் வைக்காதே, கதவைத் திறக்காதே' என்று முன்னால் ஒரு பலகை. இரண்டு பக்கமும் தூரிகைகள், குளத்தில் இறங்கிய யானைக் கூட்டம் முதுகு தேய்ப்பதுபோல் காரைத் தேய்த்துக்கொண்டிருந்தன. நுரை கண்ணாடியை மூடியது. கைத்தொலைபேசி அடித்தது. என் தங்கை சறோவின் மகன் கஜன்.

"மாமா, நவம் அங்கிள் போயிட்டார். விடியக் காலமை. ஹார்ட்."

முன்னே போக முடியாது, பின்னே போக முடியாது, இறங்கவும் முடியாது. பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். பதினொரு குளிர்காலம் அவர் இருந்து இருந்து பள்ளம் விழுந்த இருக்கை. நானும் அவரும் ஒரு சொல் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கூண்டு என்னை வெளியே தள்ளியதும், துணியோடு நின்ற வேலைக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டா உள்ளே போனீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். ஓம் என்று தலையாட்டினேன்.

நவம் அண்ணையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அலையலையாக வந்து மெல்பனில் கரையேறியவர்களில் அவரும் ஒருவர். டண்டினொங்கில் டிராக்டர் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது அவர் வேலை. கையில் ஒரு சின்னச் சுத்தியல். வார்ப்பிரும்பை ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். மணிபோல் ஒலித்தால் நல்லது. சத்தம் செத்திருந்தால் உள்ளே எங்கேயோ வெடிப்பு. அவர் தட்டிக் கழித்த இரும்பை அடுக்கினால் டண்டினொங் மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை நிற்கும், அதன் உச்சியில் பனியும் பெய்யும்.

அந்தக் காது எப்படி ஃபுட்டி என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து மைதானத்துக்குப் போனது என்பதுதான் ஆச்சரியம். அவருடைய ஃபோர்மனின் மகன் விளையாடும் ஆட்டம் ஒன்றுக்கு மரியாதைக்காகப் போயிருந்தார். முட்டைபோல் நீண்ட பந்தையும், நான்கு கம்பங்களையும், கையில்லாத பனியன் போட்டு ஒருவர்மேல் ஒருவர் ஏறும் முப்பத்தாறு பேரையும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும், வேலியோரம் குறிப்பெழுதிக்கொண்டிருந்த சிவந்த தாடிக்காரர் ஒருவரிடம் போய், "உங்கள் ஏழாம் இலக்கப் பையன் படியில் பக்கவாட்டாக இறங்குகிறான். முழங்காலைப் பாருங்கள்" என்றாராம். அடுத்த சனிக்கிழமை ஏழாம் இலக்கம் தூக்குப் படுக்கையில் வெளியே போனது. தாடிக்காரரின் பெயர் பில். பெயர் சொல்ல விரும்பாத பெரிய கழகம் ஒன்றுக்கு ஆள் தேடுபவர். அன்றைக்கே அவர் நவம் அண்ணையின் கையில் ஒரு குறிப்புப் புத்தகத்தைத் திணித்துவிட்டார்.

என் சிறைவாசம் அப்போது தொடங்கியது. நவம் அண்ணைக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை. நாற்பத்தொரு முறை தோற்றவர். கடைசி முறை சோதகரே அழுதுவிட்டதாகக் கேள்வி. "ஐசே, ஒருக்காக் கொண்டுபோய் விடும்" என்றார். என்னை அவர் கூப்பிடுவது 'ஐசே' என்றுதான். ஒருக்கா என்பது பதினொரு குளிர்காலம் நீண்டது. மெல்பன் குளிரில் என் காரில் நாங்கள் இருவர், மூடிய கண்ணாடி, ஈரக் காலுறை வாசம், பார்சலில் நெருப்பாய்க் கொதிக்கும் 'மீட் பை' என்ற இறைச்சிப் பணியாரம். அந்தப் பணியாரத்தின் குழம்பு ஒருமுறை என் காற்சட்டையைத் துளைத்து, இருக்கையைத் துளைத்து, பூமிக்குள் இறங்கிப் போனது. "குளிருதோ?" என்று கேட்பார். ஓம் என்றால், "பொடியளுக்கும்தான் குளிருது" என்பார். அதோடு கதை முடியும்.

இந்த ஆள் தேடல் எல்லாம் டிராஃப்டுக்காக. டிராஃப்ட் என்றால் என்னவென்று அக்காமார் கேட்பீர்கள். வருட முடிவில் நாட்டிலுள்ள பெரிய கழகங்கள் எல்லாம் வரிசையில் நின்று, பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்கும். பையன் கழகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. கழகம்தான் பையனை எடுக்கும். நாட்டின் மறுகோடியில் பேர்த் நகரத்தில் ஒரு கழகம் எடுத்தால் பேர்த்துக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். எங்கள் கலியாணப் பேச்சு இதைவிட எவ்வளவோ ஜனநாயகம்.

கலியாணப் பேச்சு என்றேன். நவம் அண்ணையின் இரகசியமே அதில்தான் இருந்தது. மற்ற ஆள் தேடிகள் எல்லாம் ஓட்ட வேகத்தை அளந்தார்கள், குதித்த உயரத்தை அளந்தார்கள். இவரோ மாப்பிள்ளை விசாரிப்பதுபோல் விசாரித்தார். பந்து இருக்கும் பக்கம் திரும்பவே மாட்டார். "பந்து எங்க போனாலும் ஐயாயிரம் பேர் பாப்பினம். பொடியனை நான் ஒருத்தன்தான் பாக்கிறன்" என்பார். தோற்ற பிறகு தண்ணீர் கொண்டு வருபவனிடம் எப்படிப் பேசுகிறான், கார் நிறுத்துமிடத்தில் தாய் தூக்கும் பையை வாங்குகிறானா, இதெல்லாம்தான் புத்தகத்தில் ஏறும். ஒரு தடவை, ஆறடி நாலங்குலம் உயரமான, மாநிலமே கொண்டாடிய ஒருவனைப் பற்றி ஒரே வரி எழுதினார்: 'தகப்பன் வரும் நாளில் மட்டும் விழுகிறான்.' பில் அந்தத் தாளை மடித்துப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

உண்மையான மாப்பிள்ளைகளையும் விசாரித்தவர்தான். ஒருமுறை சொந்தத்தில் ஒரு பெண்ணுக்காகச் சிட்னிக்குப் போனோம். என் கார்தான். என் முதுகுதான். பென்டில் ஹில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடையில் அரை நாள் நின்று, மாப்பிள்ளை தள்ளுவண்டியைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறவன்தான் என்று கண்டுபிடித்தார். "தங்கப் பவுண் பொடியன்" என்றார். சாதகம் பத்துக்கு ஒன்பது பொருத்தம். திரும்பி வந்ததும் பெண் குசினிக்குள் அவரைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் ஏதோ சொன்னாள். வெளியே வந்தவர் கதிரையில் இருந்தபடி இரண்டு பக்கத்துக்கும் அறிவித்தார்: "சாதகம் பொருந்தேல்லை."

காரில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்னண்ணை, ஒன்பது பொருத்தம் இருக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"பிள்ளைக்கு விருப்பமில்லை, ஐசே. அதை அப்பிடியே சொன்னா அவளுக்கும் தாய்க்கும் சண்டை, அந்தப் பொடியனுக்கும் அவமானம். கிரகத்தில பழியைப் போட்டா ஆருக்கும் காயமில்லை. கிரகங்கள் வந்து வழக்குப் போடாது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஹியூம் நெடுஞ்சாலையில் ஒரு லொறிக்காரன் எட்டிப் பார்க்குமளவுக்குச் சிரித்தேன். இதை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருக்கவேண்டும். நான் வைத்திருக்கவில்லை.

இனிக் கஜன். சறோவின் ஒரே பிள்ளை. தகப்பன் இல்லாத வீடு, ஆகவே மாமன் நான்தான் சூரியன், சந்திரன், போக்குவரத்து. பதினேழு வயதில் அவன் பின்வரிசையில் ஆடினான். பந்தை உதைத்தால் அது வானத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் இறங்கும். பில்லின் கழகம் அவனைப் பார்க்க மூன்று தடவை வந்தது. வேறெந்தக் கழகமும் எட்டிப் பார்க்கவில்லை. எங்களுக்கு அந்த ஒன்றே காணும். டிராஃப்டுக்கான படிவத்தை நிரப்பியது நான். அவன் கையெழுத்து மட்டும் போட்டான். எங்கள் ஆட்களில் முதலாவதாகப் பெரிய கழகத்துக்குப் போகப்போகிறவன் என் மருமகன் என்று கோயிலில், கடையில், பல் வைத்தியர் கதிரையில் வாய் திறந்தபடியே, எல்லா இடமும் சொல்லி முடித்திருந்தேன். அவன் பெயர் பில்லிடம் போகும் தாளில் ஏறவேண்டும். தாளை எழுதுபவர் என் காரில் இருக்கிறார். இதைவிட உறுதியான சம்பந்தம் உலகத்தில் உண்டா?

பருவத்தின் கடைசி ஆட்டம் மலையடிவாரத்தில், த பேசினுக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில். காலையில் பிள்ளையாரிடம் போய்க் கஜனின் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்துகொண்டுதான் போனோம். பிறகு மழை. நோவாவின் மழையை நான் பார்த்ததில்லை, ஆனால் அதை இதற்கு ஒத்திகை என்று சொல்லத்தக்க மழை. ஆட்டம் முடிந்து கஜன் கூட்டாளிகளோடு போய்விட்டான். புல்வெளியில் விட்டிருந்த காரை நான் கிளப்ப, பின்சக்கரம் இரண்டும் சுற்றின, சுற்றின, பிறகு மெதுவாகக் குந்தின. கதவின் அடிவரை சேறு. நாலு பக்கமும் ஆளில்லை. கண்ணாடி எங்கள் மூச்சாலேயே வெள்ளை அடித்துக்கொண்டது. உள்ளே நான், நவம் அண்ணை, அவர் குடை, அர்ச்சனைத் தட்டில் இரண்டு வாழைப்பழம்.

"திங்கட்கிழமை பில்லுக்குக் குடுக்கிற தாளில கஜன் எத்தினையாவது, அண்ணை?" என்றேன், ஏதோ பொழுதுபோக்குக்குக் கேட்பதுபோல்.

"இல்லை."

"என்ன இல்லை?"

"பேர் இல்லை, ஐசே."

மழை கூரையில் மேளம் அடித்தது. "பகிடிதானே?"

"இடது கால் காணாது."

"எந்த இடது கால்?"

"மனுசருக்கு ஒண்டுதானே இருக்கு. அது காணாது. பெரிய ஆட்டத்துக்குப் போதாது."

"அவனுக்கோ? இடது காலோ? அண்ணை, கண்ணாடியை ஒருக்காத் துடையுங்கோ."

"இண்டைக்கு எத்தினை தரம் இடது காலால உதைச்சவன்? சொல்லும் பாப்பம்."

யோசித்தேன். எனக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கைதட்டுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

"ஒருக்காலும் இல்லை," என்றார் அவர். "வலது, வலது, வலது. ஒற்றைக் காலில நிக்கிற பொடியனை நான் எழுதேலாது."

"பதினொரு வருசம் என்ர காரில இருந்திட்டு, என்ர தங்கச்சியின்ர வடையைத் திண்டிட்டு, ஒரு பேர் எழுத உங்களுக்குக் கை வரேல்லையோ?"

"வடை நல்ல வடை."

"இறங்குங்கோ."

"என்ன?"

"என்ர காரை விட்டு இறங்குங்கோ எண்டன்!"

அவர் கதவைத் திறந்தார். சேற்றைப் பார்த்தார். சேறும் அவரைப் பார்த்தது. கதவை மூடினார். "வெளிக்கிட வழியில்லை, ஐசே. நானும் இருக்கத்தான் வேணும், நீரும் என்னை வச்சிருக்கத்தான் வேணும்" என்றார். மூன்று மணித்தியாலம் அப்படியே இருந்தோம். நான் சண்டை பிடித்தேன், கெஞ்சினேன், சறோவின் தனிமையைச் சொன்னேன், யாழ்ப்பாணத்தையும் சொன்னேன். அவர் குடையின் பிடியைத் தடவிக்கொண்டு, "இடது கால் காணாது" என்பதையே சொன்னார். ஒரு முறை மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர்போல் என் பக்கம் திரும்பினார். பிறகு ஒரு வாழைப்பழத்தை உரித்துப் பாதியை நீட்டினார். நான் வாங்கவில்லை. கடைசியில் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் டிராக்டரோடு வந்து சங்கிலி கட்டி எங்களை இழுத்து எடுத்தார். வீட்டு வாசலில், "போட்டு வாறன்" என்று இறங்கினார். நான் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

டிராஃப்டில் கஜன் பெயர் வரவில்லை. எங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களுக்கு நவம் அண்ணைக்கு அழைப்பும் போகவில்லை. 'இடது கால்' என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. கறியில் உப்புக் குறைந்தால்கூட "இடது கால் காணாது" என்போம். கடையில் அவரைக் கண்டால் நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் மறைந்தேன். சிறையிலிருந்து விடுதலை கிடைத்தது. ஆனால் குளிர்காலச் சனிக்கிழமைகளில் காலை எட்டு மணிக்குக் கை தானாகக் கார்ச் சாவியைத் தேடும். அதற்குப் பிறகு அவரை யார் மைதானத்துக்கு ஏற்றி இறக்கினார்கள் என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கஜன் உரிமம் எடுத்தான். சனிக்கிழமைகளில் ஒரு பண்டகசாலையில் வேலை என்றான். பிறகு மின்தூக்கி திருத்தப் படித்தான். இப்போது நகரத்துக் கட்டடங்களில் நடுவில் அகப்பட்டுக்கொள்பவர்களை வெளியே எடுப்பதுதான் அவன் தொழில்.

சுடலையில் கடைசி வரிசையில் நின்றேன். அவர் வீட்டுக்குப் போக நினைத்திருக்கவில்லை. பூமணி அக்கா, "வந்தனீ, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று மறித்தார். மறுபடி அகப்பட்டேன். பின்வளவில் கூடாரம் போட்டு எல்லோரும் தட்டோடு நின்றோம். அப்போது வேலிக்கு மேலால் ஒரு பந்து வந்து பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. நாலு வீடு தள்ளி யாரோ பிள்ளைகள் கத்தினார்கள். கஜன் தட்டைக் கீழே வைத்தான். கறுப்புக் காற்சட்டை, கறுப்புச் சப்பாத்து. பந்தைக் கையில் ஒரு முறை சுற்றினான், இரண்டடி நடந்தான், உதைத்தான். பந்து கூடாரத்தைத் தாண்டி, நாலு கூரையையும் தாண்டி, பறவைகளை விலக்கிக்கொண்டு போனது. தூரத்தில் "தாங்ஸ் மேட்!" என்று ஒரு குரல்.

நானும் தட்டைக் கீழே வைத்தேன்.

"அது எந்தக் கால்?" என்றேன்.

அவன் சப்பாத்தைப் பார்த்தான். "இடது, மாமா."

"அது காணாதெண்டெல்லோ அண்ணை சொன்னவர்."

"நான்தான் கேட்டனான், என்ர பேரை எழுதவேண்டாமெண்டு." அவன் குரலைத் தாழ்த்தினான். "கடைசி மட்சுக்கு முதல் கிழமை, ஸ்கூல் முடிய ஃபாக்டரி வாசலுக்குப் போய்க் கேட்டனான். எனக்குக் கிக் பண்ண மட்டும்தான் பிடிக்கும், மாமா. மிச்சம் எல்லாம் உங்கட ஆசை."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"உங்களட்டையோ? அப்ப நீங்கள் ஊரெல்லாம் சொல்லி முடிச்சிட்டீங்கள். அங்கிள் சொன்னார், 'அப்ப சனிக்கிழமை இடது காலைப் பொக்கற்றுக்குள்ள வச்சிரு, மிச்சத்தை நான் பாக்கிறன்' எண்டு."

"ஒன்பது வருசமா ரெண்டு பேரும் வாய் திறக்கேல்லை."

"நான் சொல்லப் போனனான். அவர்தான் விடேல்லை. 'உன்ர மாமா என்னோட கோவிச்சா எனக்குக் கார்தான் போகும். உன்னோட கோவிச்சா உனக்கு மாமா போயிடுவார்' எண்டவர்."

"கார் போனதுதானே. பிறகு அவரை ஆர் கூட்டிக்கொண்டு திரிஞ்சது?"

அவன் பொக்கற்றிலிருந்து தன் கார்ச் சாவியை எடுத்துக் காட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டான். சனிக்கிழமைப் பண்டகசாலை எதுவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் இறந்த செய்தி அவனிடமிருந்து ஏன் முதலில் வந்தது என்பதும் விளங்கியது. பென்டில் ஹில் சாதகத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தவன், அதே சாதகத்தை என் மடியில் வைத்தபோது அடையாளம் தெரியாமல் ஒன்பது வருடம் முழித்திருக்கிறேன்.

அன்று வீட்டு வாசலில் இறங்கும்போது அவர் விட்டுப்போன குடை இன்னும் என் காரின் பின்பெட்டியில் கிடக்கிறது. கோபத்தில் திருப்பிக் கொடுக்கவில்லை. பிறகு வெட்கத்தில் கொடுக்கவில்லை. நுனியில் த பேசின் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறது. பூமணி அக்கா, இதை வாசிக்கும்போது கேட்டுவிடாதேங்கோ. அதை நான் தரமாட்டேன். அவருடைய பொருள் என்று என்னிடம் இருப்பது அதுவும் அந்தப் பள்ளம் விழுந்த இருக்கையும்தான்.

பெரியோர்களே, முடிக்கும்முன் மனச்சாட்சிக்காகச் சிலதைத் திருத்துகிறேன். பதினொரு குளிர்காலம் இல்லை, ஏழு. அவர் ஓட்டுநர் சோதனையில் தோற்றது மூன்று முறை, சோதகர் அழவில்லை. சேற்றில் கிடந்தது மூன்று மணித்தியாலம் அல்ல, நாற்பது நிமிடம். பணியாரத்தின் குழம்பு காற்சட்டையோடு நின்றுவிட்டது. பந்து நாலு கூரையைத் தாண்டவில்லை, ஒன்றைத்தான் தாண்டியது.

ஆனால் அவன் உதைத்தது இடது காலால்தான். அது மட்டும் உண்மை. எனக்குக் காணும்.